ஒரு நாட்டுக்கு மதினி என்று பேர் வந்த கதை

தேசப்படத்தில் அந்த நாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. எந்த ராஜாவின் கப்பல் முதலில் அங்கே நங்கூரம் போட்டதோ அந்த ராஜாவின் மூன்றாவது மகளின் பெயர் அது, அந்தப் பெண் தன் ஆயுசில் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை, அங்கே பிறந்தவர்கள் யாரும் பாஸ்போர்ட் எழுதும்போது தவிர அந்தப் பெயரை உச்சரிப்பதுமில்லை. பதினோரு தீவுகளிலும் நாட்டுக்கு ஒரே பேர்தான்: மதினி. 'மதினியில மழை எப்படி' என்று கேட்பார்கள், 'மதினிக்கு நீ எப்போ திரும்புதே' என்று கடுதாசி போடுவார்கள், பந்தாட்டத்தில் தோற்றுவிட்டு வந்தால் 'மதினி மானத்தை வாங்கிட்டீங்களேடா' என்று திட்டுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. உலகத்தில் நாடுகளை அம்மா என்கிறார்கள், சில இடங்களில் அப்பன் என்கிறார்கள், மாமா என்றுகூடச் சொல்கிற நாடு உண்டு. அண்ணன் பெண்டாட்டி என்று சொல்கிற நாடு எங்கேயாவது உண்டா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அம்மா என்று சொல்ல இவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அம்மாவைக் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரையில் அழவிட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் இவர்கள், அவள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது இன்னொருத்தியை எப்படி அம்மா என்பது?

அந்தப் பேருக்குச் சொந்தக்காரி ஆவுடை. தாமிரபரணிக் கரையில் கல்யாணம் முடிந்த கையோடு, புருசனுடன் கூலிக்கப்பலில் வந்து பெரிய தீவில் இறங்கியவள். தீவெல்லாம் தென்னை; தேங்காய் உரிக்க, கீறிப் போட, சூளையில் கொப்பரை காயவைக்க, மூட்டை கட்ட என்று கம்பெனி ஆட்களைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. ஆட்கள் ஒரே கப்பலில் வந்தார்களே தவிர ஒன்றாக வரவில்லை. அவரவர் சாதி அவரவர் மூட்டையில் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் கதவுக்கு ஓர் அடுப்பு புகைந்தது, இவன் தொட்ட தண்ணீரை அவன் குடிக்கவில்லை, பதினோரு தீவுகளில் யாரும் யார் வீட்டிலும் ஒரு வாய் சோறு தின்றதில்லை.

ஒரு நாள் காலையில் ஆவுடையின் புருசன் தோணியில் மூட்டை ஏற்றப் போனான். கப்பல் பாறைகளுக்கு வெளியே நிற்கும், தோணியில் கொண்டுபோய் ஏற்றிவிட்டுத் திரும்புவார்கள், அடிக்கடி நடக்கிற வேலைதான். "மத்தியானச் சோத்துக்கு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குக் காற்று திசை மாறியது. பாறையில் மோதிவிடுமோ என்று பயந்த கப்பல்காரன் நங்கூரத்தைத் தூக்கிப் பாயை விரித்துவிட்டான், கப்பலின் அடிவயிற்றில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவனை இறக்கிவிட வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. ஆவுடைக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சோறு வடித்து, அயிலை மீன் குழம்பை இறக்கி வைத்து, தன் நிழல் தன் காலடிக்கு வந்ததும் வாசலில் நின்று கடலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க, சாப்பிட வாங்க."

பேர் சொல்லவில்லை. எந்தப் பெண்டாட்டிதான் சொல்லுவாள்? புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். புருசனுக்குச் சாமி பேராக இருந்துவிட்டால் கோயிலில்கூட 'அந்தச் சாமி' என்றுதான் சொல்லிக் கும்பிடுவார்கள். அதனால் பேர் இல்லாமல் கிளம்பிய அந்தக் குரல், யாரிடம் போய்ச் சேருவது என்று தெரியாமல், எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சூளைப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டது, மரத்து உச்சியில் இருந்தவனுக்குக் கேட்டது, நடுக்கடலில் வலை இழுத்தவனுக்குக் கேட்டது, துணி துவைத்தவளுக்குக் கேட்டது, தோணியில் ஒரு பகல் தூரமிருக்கிற கடைக்குட்டித் தீவில் காய்ச்சலோடு படுத்திருந்தவனுக்கும், தலைமாட்டில் நின்று கூப்பிட்டதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. யாரும் பயப்படவில்லை. பேய் கூப்பிட்டால் பயப்படலாம், சாப்பிடக் கூப்பிட்டால் எதற்குப் பயப்பட வேண்டும்? கையை அலம்பிக்கொண்டு கிளம்பினார்கள், கேட்ட திசையைப் பார்த்து நடந்தார்கள், தோணி வைத்திருந்தவர்கள் தோணியில் வந்தார்கள்.

வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவர்களுக்கு வெட்கம் வந்தது. தனியாக நிற்கிறாள் இன்னொருத்தன் பெண்டாட்டி, கூப்பிட்டது தங்களை அல்ல என்பது அவள் முகத்திலேயே தெரிகிறது, ஆனால் குழம்பு வாசனை விடவில்லை, திரும்பிப் போகக் காலும் வரவில்லை. அப்போது சங்கிலி என்ற சூளைக்காரன், மீசை சரியாக முளைக்காத வயது, வாய் மட்டும் நன்றாக முளைத்தவன், முன்னால் வந்து கேட்டான்.

"மதினி, அண்ணன் வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கணுமா, இல்ல எங்களுக்கு முன்னாடியே போட்டுருவீகளா?"

அந்த ஒரு சொல்லில் அவன் அவள் புருசனுக்குத் தம்பி ஆகிவிட்டான். அண்ணன் வீட்டில் தம்பி சாப்பிடுவதை யார் குறை சொல்ல முடியும்? அவனுக்குப் பின்னால் நின்றவன் சங்கிலியின் சாதிக்காரர்கள் கையால் தண்ணீர் வாங்காத வீட்டுப் பிள்ளை. பசியில் அவனும் மதினி என்றான். சொன்ன பிறகுதான், தானும் சங்கிலியும் அண்ணன் தம்பி ஆகிவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது, அதற்குள் கையில் தட்டு வந்துவிட்டது. பெண்களும் மதினி என்றார்கள், நாத்தனார்மார் ஆனார்கள். இரண்டு பேருக்கு வடித்த சோறு அத்தனை பேருக்கு எப்படிப் போதியது என்று கேட்டால், போதவில்லை. ஆளுக்கு ஓர் உருண்டை கிடைத்தது, கடைசியில் வந்தவர்கள் குழம்புச் சட்டியை வழித்து நக்கினார்கள். மறுநாள் அவள் திரும்பவும் கூப்பிட்டபோது ஆளுக்கொரு பிடி அரிசியோடு வந்தார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது, அப்படியே முப்பது வருடம் நடந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு ஊதும் கம்பெனியின் சங்கை யாரும் மதிக்கவில்லை, அது தன்பாட்டுக்கு ஊதி ஊதித் துருப்பிடித்தது. கோர்ட்டில் வாதம் பாதியில் நிற்கும், பிரசவ வலியில் இருப்பவள்கூட ஒரு நொடி முக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். கம்பெனித் துரைக்குக் கடைசிவரை கேட்கவில்லை, அவருடைய சமையல்காரனுக்கும் நாய்க்கும் கேட்டது. தீவிலேயே பிள்ளை பெற்ற பிறகு துரைசாணிக்கும் கேட்க ஆரம்பித்து, ஒரு மத்தியானம் சூப்பை அப்படியே வைத்துவிட்டுத் தொப்பியோடு லயத்துப் பக்கம் நடந்து போய்விட்டாள், அதனால் வீட்டுக்குள் பெரிய ரகளையாயிற்று. பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரன் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டானா என்று எப்படித் தெரியும்? உச்சிவேளையில் அவன் தலையைத் திருப்புகிறானா என்று பார்ப்பார்கள். பொய்யாகத் திருப்பினவர்களும் உண்டு, அவர்கள் ஒன்று முந்திவிடுவார்கள் அல்லது பிந்திவிடுவார்கள். நாட்டைவிட்டுக் கப்பலில் வேலைக்குப் போனவர்களுக்கும் அந்தக் குரல் கேட்டது. ஏதோ ஒரு துறைமுகத்தில், அங்கே அந்தியோ விடியலோ, கேட்டதும் கையில் இருப்பதை வைத்துவிட்டு, "மதினி கூப்பிடுதா" என்று சொல்லிக்கொண்டு ரொட்டியைப் பிய்ப்பார்கள். மதினி என்றால் ஆவுடை, மதினி என்றால் ஊர், மதினி என்றால் இரண்டும். எது எங்கே முடிகிறது என்று கொஞ்ச காலத்தில் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக் கிளம்பி நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது, முதல் மந்திரியான அருளானந்தம், படித்தவர், நல்லவர், நாடு என்றால் தாய்தான் முறை என்று சொல்லி, கிரீடமும் வேலுமாக ஒரு தாயின் சிலைக்குப் படம் வரைந்து காட்டினார். ஜனங்கள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அம்மாவிடம் கேலி பேச முடியுமா, உப்புக் கூடிப்போச்சு என்று சொல்ல முடியுமா, கோபித்துக்கொண்டு போய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வர முடியுமா? கடைசியில் தபால்தலையில் கரண்டியோடு ஆவுடையைத்தான் போட்டார்கள். அவள் கேட்டது ஒன்றுதான், கரண்டியை வெறுங்கரண்டியாகப் போட வேண்டாம் என்றாள். அதில் சோறு வரைந்தார்கள்.

ஆனால் ஆவுடை ஒரு நாளும் நாட்டைக் கூப்பிட்டதில்லை. இதை யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. தினமும் உச்சிவேளையில் வாசலில் வந்து நிற்கும்போது அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு முதுகு, தோணியை நோக்கி நடந்து போன முதுகு. கூப்பிட்டு முடித்ததும் தெரு நிறைந்துவிடும், தம்பிமார் வருவார்கள், தம்பிமார் பிள்ளைகள் வருவார்கள், அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், கடைசி முகத்தையும் பார்த்த பிறகு சோற்றில் கரண்டியைப் போடுவாள். அத்தனை பேரும் வந்தது அவளுக்குச் சந்தோசம்தான், பொய்யில்லை. அத்தனை பேரும் வந்தும் வராதவர் வரவில்லை என்பது அந்தச் சந்தோசத்துக்கு நடுவில்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது. ஆசையாக இருந்தது அவளுக்கு, அவ்வளவுதான். வயசாக ஆகக் குறையும் என்று நினைத்தாள், குறையவில்லை.

சுதந்திரம் வந்து சில வருடம் கழித்து, கப்பலில் சமையல்காரனாக இருந்த சூசை என்பவன் ஊர் திரும்பினான். வந்தவன் நேராக அவளிடம் வந்தான். வடக்கே, பனி கொட்டுகிற ஒரு துறைமுகத்தில், கயிறு முறுக்குகிற பட்டறையில் ஒரு பெரியவரைப் பார்த்ததாகச் சொன்னான். அங்கே விடியற்காலையில் குரல் கேட்டபோது சூசை எழுந்தானாம், பக்கத்தில் அந்தப் பெரியவரும் எழுந்தாராம், எழுந்தவர் இவனைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாராம். கேட்டுக் கேட்டுத்தான் கதையை வாங்கினான். கப்பலிலேயே அவருக்குக் காய்ச்சல் கண்டு அந்த ஊரில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் நாளிலிருந்தே குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, திரும்பி வரக் கப்பல் கப்பலாக விசாரித்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு வழியாகக் கப்பலும் கிடைத்தது. அந்தக் கப்பலில் இந்தத் தீவுக்காரன் ஒருவன் இருந்தான். குரல் வந்ததும் அவன் காதிலும் விழுந்து, "மதினி கூப்பிடுதா" என்று அவன் எழுந்ததைப் பார்த்துவிட்டு, இவர் கப்பலிலிருந்து இறங்கிவிட்டார்.

"என் பொண்டாட்டி குரல் என் ஒருத்தன் காதுல மட்டும் விழுந்திருந்தா நீந்தியாவது போயிருப்பேன், இவ ஊரையே கூப்பிடுதா, அதுல நான் எதுக்குன்னு கேட்டாரு மதினி" என்றான் சூசை.

உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோசம் அவளுக்கு அரை நாள்தான் நின்றது, பிறகு வந்தது கோபம். முப்பது வருடமாக யாரைக் கூப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம், மேளதாளத்தோடு வந்து அழைக்க வேண்டுமாமா என்று பக்கத்து வீட்டு மைதீன்பாத்துவிடம் பொரிந்து தள்ளினாள். மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்ட தினுசைக் கேட்டு, பதினோரு தீவுகளிலும் ஆண்பிள்ளைகள் தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தார்கள், சிலர் பெண்டாட்டியிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவைத்தார்கள். கோபம் வடிந்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரே வழி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஒருவருக்குத்தான் கேட்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாருக்கும் கேட்காது. ஊரையும் சேர்த்துக் கூப்பிட்டால் அவர் மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

சேதி பரவ அதிக நேரம் ஆகவில்லை. அருளானந்தமே வந்தார், மந்திரிக்கு உரிய படாடோபம் எதுவும் இல்லாமல் தரையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம், துறைமுகம், கோர்ட்டு எல்லாம் அந்தக் குரலில் நடக்கிறது, அதைவிடப் பெரிசாக ஒன்று, சாதி சாதியாக வந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்தது அது ஒன்றுதான், அது நின்றுபோனால் அவரவர் அடுப்புக்குத் திரும்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்தாமல், நீங்கள் நாட்டுக்கே தாய் மாதிரி, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

"தாய்னு நீங்கதான் சொன்னீக, ஜனங்க சொல்லல" என்றாள் ஆவுடை. "தாய்னா பிள்ளைகளுக்காக எல்லாத்தையும் விட்டுக்குடுக்கணும். நான் மதினி. அண்ணன்னு அவுக இருந்தாத்தானே நான் மதினி?"

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் யாரும் கலையவில்லை. பந்திக்காக வாசலில் போட்டிருந்த கொட்டகைக்குள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள், விடக்கூடாது என்றார்கள், இத்தனை வருடம் வராதவர் இனிமேல் வந்து என்ன என்றார்கள், அவர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், மதினி நம்மைவிட்டுப் போய்விடக் கூடாது என்று ஒருத்தி அழுதாள். கடைசியில் சங்கிலி எழுந்தான். மீசை முளைத்து, நரைத்து, உதிரவும் ஆரம்பித்திருந்தது அவனுக்கு.

"மதினின்னு முதல்ல சொன்னவன் நான்தான்" என்றான். "ஒரு வாய் சோத்துக்காகச் சொன்ன பொய்யி. அந்தப் பொய்யத்தான் முப்பது வருசமா நாம எல்லாரும் தின்னுக்கிட்டு இருக்கோம். இப்ப மதினி அண்ணனக் கூப்பிடப் போறாக. எந்தத் தம்பிடா அண்ணன் வீட்டுக்கு வராதேம்பான்?"

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான், ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

மைதீன்பாத்து மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பேரைச் சொன்னால் ஆயுசு குறையுமே, அதை யோசித்தாயா என்று கேட்டாள். ஆவுடை யோசித்திருந்தாள். "குறையுறது குறையட்டும் மச்சி, மிச்ச ஆயுசுக்கு இங்க வந்து இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் நிழல் காலடிக்கு வந்தபோது வாசலில் வந்து நின்றாள். தெருவெல்லாம் ஆட்கள் நின்றார்கள், கூப்பிடாமலே வந்திருந்தார்கள். கல்யாணத்தன்று ஐயர் சொல்லக் கேட்டது, அதற்குப் பிறகு நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தது, ஒரு நாளும் நாக்கில் வைத்துப் பார்க்காதது அந்தப் பேர். சொல்லப் போகும்போது காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், பிறகு எடுத்தாள். கையெட்டும் தூரத்தில் நின்ற மைதீன்பாத்து, உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சத்தமும் இல்லை என்றுதான் பிற்பாடு சொன்னாள். அதனால் அவர் பேர் என்ன என்று இந்தக் கதை சொல்கிறவனிடம் கேட்டுப் பயனில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

அன்று பதினோரு தீவுகளிலும் மத்தியானம் வரவில்லை. வெயில் இருந்தது, பசி இருந்தது, எப்போது எழுந்திருப்பது என்றுதான் தெரியவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பொழுது சாயும்வரை தூக்கிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரே வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கூட்டம் நாளுக்கு நாள் மெலிந்தது, கடைக்குட்டித் தீவிலிருந்து தோணி வருவது நின்றது, சில வீடுகளில் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்று மந்திரிக்குச் சேதி போனது. ஆவுடை தினமும் வாசலில் வந்து நின்று சத்தமில்லாமல் கூப்பிட்டாள். அந்தச் சத்தமின்மையைத் தாங்க முடியாமல் ஜனங்கள் அந்த நேரத்துக்குக் கடலைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மழைக்காலம் கழிந்து முதல் தபால் கப்பலில் அவர் வந்தார். ஒடிசலான கிழவர், கையெல்லாம் கயிறு அறுத்த தழும்பு. தம்பிமார் துறைமுகத்தில் வரிசையாக நின்றார்கள், நரைத்தவர்களும் வழுக்கையானவர்களும், அவரைவிட மூத்தவர்கள் சிலரும். கூடப் பிறந்தவர் என்று ஒருவர் இல்லாத, ஒற்றைக்கு ஒரு பிள்ளை அவர்; இத்தனை வாயும் "வாங்கண்ணே" என்றபோது யாரையோ சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், "ஏங்க, சாப்பிட வாங்க" என்றாள். எதிரே நிற்கிறவரைக் கூப்பிட எவ்வளவு குரல் வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது. அவர் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார், இரண்டாவது வாயை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. அந்தக் குளிர் தேசத்தில் தினமும் விடியும்போது கேட்ட சத்தம் இங்கே வந்ததும் கேட்கவில்லையே, அதை விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்றார். ஆவுடைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வெளியே பார்த்தாள். வேலியோரமாகத் தம்பிமார் நின்றார்கள், அவர்களும் இதே முகத்தோடுதான் நின்றார்கள், கூப்பிடாமல் உள்ளே வருவதற்கு இன்றைக்கு அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

"நான் கூப்பிட்டது போதும். உங்க தம்பிகதானே, நீங்க போய்க் கூப்பிடுங்க" என்றாள்.

அவர் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போனார். ஒருவர் பேரும் தெரியாது. வாழ்நாளில் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. "ஏம்ப்பா, சாப்பிட வாங்க" என்றார். வெறும் கிழட்டுக் குரல் அது, வேலியைத் தாண்டவில்லை. வேலியில் நின்றவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு உள்ளே வராமல், திரும்பி நின்று, தெருமுனையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்கள், "அண்ணன் சாப்பிடக் கூப்பிடுதாரு." தெருமுனை துறைமுகத்தைக் கூப்பிட்டது, துறைமுகத்தில் ஒருவன் தோணிக்காரனைக் கூப்பிட்டான், தோணிக்காரன் நடுக்கடலில் வலைக்காரனுக்குச் சொன்னான், அவன் அடுத்த தீவின் கரையில் மீன் அறுத்தவளுக்குச் சொன்னான், சாதி பார்த்துச் சொல்ல நேரமில்லை, கண்ணில் பட்டவருக்குச் சொன்னார்கள், பெரிய தீவிலிருந்து கிளம்பிய அந்த வார்த்தை வாய் வாயாகக் கடலைத் தாண்டி, பொழுது அடையும் நேரத்துக்குக் கடைக்குட்டித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைக்குட்டித் தீவுக்காரர்களுக்குக் கூப்பிட அடுத்த தீவு இல்லை. அவர்கள் சொன்னவனிடமே திரும்பி, ஒன்று கேட்டனுப்பினார்கள். அந்தக் கேள்வி வந்த வழியே திரும்பி வந்தது, தோணி தோணியாக, கரை கரையாக, துறைமுகம், தெருமுனை, வேலி. ஆவுடை கடைசிப் பந்திக்குப் பரிமாறிவிட்டு மறுநாள் காலையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, மைதீன்பாத்து வந்து கதவில் நின்று கேட்டாள்.

"மதினி, நீங்க சாப்பிட்டீகளான்னு கேக்காக."

முப்பது வருடத்தில் யாரும் அவளை அதைக் கேட்டதில்லை. ஆவுடை சட்டியைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த அவள் புருசன் சட்டியை ஓரமாக நகர்த்தினார். தட்டை எடுத்து, பானையில் இருந்ததைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவள் முன்னால் வைத்தார். அவள் முதல் வாயை எடுக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, வேலிக்குப் போய், அங்கே காத்திருந்தவர்களிடம் சொன்னார்.

"இப்பத்தான் உக்காந்திருக்கா, சொல்லிருங்க."